முன்னறைக்கு ஒரு பெடியன்

— மற்றக் கையையும் காட்டும் தம்பி. முழங்கை. சேட்டுக் கையை இன்னும் கொஞ்சம் மேல மடியும்.

— என்ன ரீச்சர் இது? அறை பாக்க வந்த பிள்ளையை ஆமிக்காரன் மாதிரிச் சோதிக்கிறியள்?

— குறை நினையாதேங்கோ அண்ணை. இது என்ர வீட்டுப் பழக்கம். அறை கேட்டு ஆர் வந்தாலும் முதல் முழங்கை, முழங்கால். பிறகுதான் மற்றக் கதை. ஆமிக்காரர் ரவுண்டப் எண்டு வீடு வீடாச் சோதிக்க வந்தால் முதல் அதைத்தான் பாக்கிறாங்கள், இயக்கத்தில தவண்டு பயிற்சி எடுத்த தழும்பு கிடக்கோ எண்டு. விளங்குதோ? யாழ்ப்பாணத்தில இருந்து வந்த உங்களுக்கு நான் சொல்ல வேணுமே?

— ஓமோம், அது சரி. என்னெண்டால், நாங்கள் கப்பலால வந்து இன்னும் ஒரு கிழமை ஆகேல்லை. இந்தக் கொழும்பு, வெள்ளவத்தை வழக்கம் ஒண்டும் எனக்குப் பிடிபடேல்லை. காட்டு கிரி. ரீச்சர் கேக்கிறா, காட்டு.

— காட்டிப்போட்டன் அப்பா.

— கை ரெண்டும் துப்புரவா இருக்கு. இனிக் காற்சட்டையை மடிச்சு விடும். வெக்கப்படாதையும், நான் எத்தினை வருசம் பெடியளுக்குப் படிப்பிச்சவள். ம்... வலது கால் சரி. இடதையும் மடியும்.

— அன்ரி, அதில ஒரு காயம் இருக்கு.

— எங்க பாப்பம்... அம்மாளாச்சி! முழங்காலில இருந்து கீழ இவ்வளவு நீளமோ?

— ரீச்சர், ரீச்சர், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை. தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து போகேக்க, நாவற்குழிப் பாலத்தடியில, அந்த மழையுக்கும் சனத்துக்கும் நடுவில பிள்ளை விழுந்திட்டான். பின்னால வந்த சைக்கிளின்ர கரியர் கம்பி கிழிச்சுக்கொண்டு போட்டுது. இவனுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. சாவகச்சேரியில ஆரோ ஒரு ஆஸ்பத்திரி மிஸ்தான் தைச்சு விட்டவ. அவசரத்தில தைச்ச தையல், அதுதான் இப்பிடிக் கோணலாக் கிடக்கு.

— தைச்சதுக்கு ஆஸ்பத்திரித் துண்டு ஏதும் வைச்சிருக்கிறியளோ?

— ஆர் ரீச்சர் அந்த நேரம் துண்டு பாத்தது? உயிரோட போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம்.

— அப்ப கையில ஒண்டும் இல்லை.

— ஒண்டும் இல்லை.

— ஐடென்ரிக் காட் எந்த விலாசம் தம்பி?

— யாழ்ப்பாணம்தான் அன்ரி. பிறந்த இடமும் அதுதான் போட்டிருக்கு.

— சிங்களம் கதைப்பீரோ?

— ஒரு சொல்லும் தெரியாது அன்ரி.

— ம். சரி. காற்சட்டையை இறக்கி விடும்.

— ரீச்சர், சரிவராதெண்டால் நேரச் சொல்லுங்கோ, நான் தாங்குவன். புரோக்கர் சுந்தரலிங்கம் எல்லாம் சொன்னவர். நேற்று வந்த பெடியனைத் திருப்பி அனுப்பினியளாம். கொழும்பிலேயே வளர்ந்த பிள்ளையாம், தாய் தகப்பன் கனடா போயிட்டினமாம், உடம்பில ஒரு கீறல் இல்லையாம். அவனையே வேண்டாமெண்டு விட்டால், இந்தக் காலோட என்ர பிள்ளையை எப்பிடி...

— அந்தப் பெடியன் எனக்குச் சரிவரேல்லை. அதை விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது அண்ணை, எடுங்கோ. இப்ப எங்க தங்கியிருக்கிறியள்?

— கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில. இனி அங்க இருக்கேலாது ரீச்சர். முந்தாநாள் விடியக் காலமை ஆமி வந்து எங்கட மாடியில இருந்த பெடியள் எல்லாரையும் லொறியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். இவன் பாண் வாங்கக் கீழ போன நேரம். திரும்பி வந்து படியில கால் வைக்கிறான், நான் மேல நிண்டு கையைக் காட்டுறன், வராத, வராத எண்டு. எனக்கு வாற கிழமை கப்பல். இவனை ஒரு இடத்தில விட்டால்தான் நான் ஏறலாம்.

— அப்பா, இடம் இல்லாமலே இருக்கிறம்? கம்பஸ் ஹொஸ்டலில கட்டில் தந்திருக்கினம்தானே.

— துடங்கிட்டான். ரீச்சர், ரெண்டு நாளா இதுதான் எங்களுக்குள்ள சண்டை.

— ஹொஸ்டல் கிடைச்சிட்டுதோ? புரோக்கர் அப்பிடிச் சொல்லேல்லையே.

— கிடைச்சது அன்ரி. முதலாம் வருசத்துப் பிள்ளையளுக்கெண்டு தாறது. நாளைக்குள்ள போய் அங்க தங்காட்டில் வேற ஆளுக்குக் குடுத்திடுவினம்.

— அந்த அறையில இவனோட இருக்கப் போறது ஆர் தெரியுமோ ரீச்சர்? மூண்டு பேரும் சிங்களப் பெடியள். இவனுக்கு அவங்கட பாசை தெரியாது, அவங்களுக்கு இவன்ர பாசை தெரியாது. குண்டு ஒண்டு எங்கயாவது வெடிச்சுதெண்டால் அண்டிரவு இவன் எப்பிடி அந்த அறையில படுக்கிறது?

— அதில ஒருத்தன் காலி ஊர்ப் பெடியன் அப்பா. என்ர றங்குப் பெட்டியை அவன்தானே மூண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன். தன்ர கட்டில் ஜன்னலடி, காத்து வரும், நீ எடு எண்டு கையால காட்டினவன்.

— ஒரு நாள் பெட்டி தூக்கினால் ஆச்சோ?

— வோர்டனும் சொன்னவர் அன்ரி. இங்கிலிசில சொன்னவர், எனக்கு விளங்கினது. வெளியாக்கள் லேசில உள்ளுக்க வரேலாதாம். வந்தால் தான் முன்னால நிப்பாராம். தான் இல்லாமல் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக விடமாட்டாராம்.

— அப்பிடிச் சொன்னவரோ?

— ஓம் அன்ரி.

— நல்ல மனுசனாக்கும்.

— சொல்லலாம் ரீச்சர், ஆரும் சொல்லலாம். துவக்கோட வந்து நிக்கேக்கதான் தெரியும்.

— அண்ணை, பாருங்கோ... பிள்ளைக்கு ஹொஸ்டலில விருப்பமெண்டால், நீங்கள் அவனை விடலாமே. நான் குறை நினைக்கமாட்டன். படிக்கப் போறது அவன். அவன்ர மனசு எங்க சொல்லுதோ...

— நீங்களுமோ ரீச்சர்? நான் சொல்லுறது என்னெண்டால், ஏதும் ஒண்டு நடந்தால் அவனுக்காகக் கதைக்க எங்கட ஆள் ஒண்டு பக்கத்தில வேணும். அண்டைக்கு இவன் சாப்பிட்டானோ இல்லையோ எண்டு பாக்க ஒரு மனுசி வேணும். இஞ்ச கோயில் கிட்ட, சந்தை கிட்ட, பஸ் கிட்ட. லேனும் எவ்வளவு அமைதியா இருக்குது. வரேக்க பாத்தனான், பெடியளின்ர சிலமனே இல்லை.

— ஓம். இப்ப இந்த லேனில பெடியள் குறைவுதான்.

— படிக்கிற பிள்ளைக்கு அப்பிடி ஒரு இடம் கிடைக்குமோ? ரீச்சர், ரெண்டு பெட்டையளுக்குப் பிறகு, கோயில் கோயிலா ஏறி இறங்கிப் பெத்த பிள்ளை இவன். தாய் கப்பலடிக்கு வந்து ஒண்டுதான் சொன்னவ. எங்கட ஆக்கள்ற வீடாப் பாத்து விடுங்கோ எண்டு. அவவுக்கு நான் போய் என்ன சொல்லுறது?

— எனக்கும் ஒண்டுதான் அண்ணை.

— உங்களுக்கும் மகனோ? காணேல்லையே?

— உள்ளுக்க இருக்கிறான். ஏ.எல். சோதினை எடுக்கப் போறான். இப்ப வெளியில விடுறேல்லை.

— அப்ப உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெத்த மனசு.

— இல்லை. தேவையில்லை.

— அப்ப என்ன சொல்லுறியள் ரீச்சர்?

— சரி அண்ணை. தாறன்.

— ரீச்சர்?

— அறையைத் தாறன். நாளைக்கே சாமானோட வரட்டும்.

— கிரி, கேட்டியே! ரீச்சர், இந்தக் காலைப் பாத்த பிறகும்... நான் என்னத்தைச் சொல்ல! வாடகை விசயம்...

— அதைப் பிறகு பாப்பம். உங்களிட்ட வாங்கிறதை வைச்சு நான் மாடி கட்டப் போறேல்லை. முன்னறைதான் பிள்ளைக்கு. கேற்றோட இருக்கிறது. தனி வாசல்.

— தனி வாசலுமோ!

— அன்ரி, பின்னால ஒரு அறை கண்டனான், கிணத்தடிப் பக்கம். அது சத்தமில்லாமல் இருக்கும்போல. அதைத் தரேலாதோ?

— அதில மகன் தம்பி.

— அப்ப மகனும் நானும் சேர்ந்து அதிலயே இருக்கலாமே. எனக்குக் கட்டில் தேவையில்லை, பாய் காணும். அவருக்குக் கணக்கும் சொல்லிக் குடுப்பன்.

— முன்னறை எண்டால் முன்னறைதான்.

— கிரி, தாறதை வாங்கு. சொகுசு பாக்காத.

— ஒண்டு மட்டும் தம்பி. ஆர் வந்து கேற்றைத் தட்டினாலும் நீர்தான் திறக்க வேணும். எந்த நேரமெண்டாலும்.

— நானோ அன்ரி? எனக்குத்தான் சிங்களம் தெரியாதே. வந்து என்னவும் கேட்டால் நான் என்னெண்டு...

— நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. திறந்துபோட்டு நிண்டால் காணும்.

— அது சரிதானேடா. வீட்டில ஆம்பிளை ஒண்டு முன்னால வந்து நிண்டால் அதுக்கொரு மதிப்பு. ரீச்சர், பொலிஸ் பதிவு? அதுதான் எனக்குப் பெரிய யோசினை. பதியாமல் இருந்து பிடிபட்டால் அதோட சரியாம்.

— அதுக்கு நீங்கள் அலைய வேண்டாம். நானே கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சு விடுறன். கால் விசயத்தையும் நானே அவையளுக்குச் சொல்லி வைக்கிறன்.

— காலையோ? அதை ஏன் நாங்களா வாயைத் திறந்து...

— ஒளிச்சு வைச்சுப் பிறகு கண்டால்தான் சந்தேகம் அண்ணை. விளங்குதோ? இப்பிடி ஒரு பெடியன் என்ர வீட்டில, முன்னறையில இருக்கிறான், காலில இப்பிடி ஒரு தழும்பு எண்டு முதலே தெரிஞ்சிருக்கட்டும்.

— பாத்தியே கிரி? இதுதான் படிச்ச மனுசியின்ர மூளை. நான் இதை யோசிச்சிருப்பனே? ஹொஸ்டலில உனக்கு ஆர் இப்பிடிச் செய்து தருவினம்? ரீச்சர், உங்களைத் தெய்வம் எண்டுதான்...

— அப்பிடிச் சொல்லாதேங்கோ.

— இல்லை ரீச்சர், உண்மையாத்தான்...

— அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். என்னவும் சொல்லுங்கோ, அந்தச் சொல்லை மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ.

— சரி சரி, சொல்லேல்லை. என்ன ரீச்சர், கண் கலங்கிப் போச்சு?

— ஒண்டுமில்லை. அடுப்புப் புகை.

— அன்ரி, ஒண்டு கேக்கலாமோ? நேற்று வந்தவரை விட்டுப்போட்டு என்னை ஏன் எடுக்கிறியள்? எனக்கு அது விளங்கேல்லை.

— டேய், வாயை மூடு! மனசு வைச்சுத் தந்த மனுசியைப் போய்...

— கேக்கட்டும் அண்ணை. தம்பி, அவனுக்கு இந்த ஊரில எங்கயும் இடம் கிடைக்கும். உமக்கு ஆர் தரப் போகினம்?

— ஹொஸ்டலில தந்தவை அன்ரி.

— போதும் கிரி! எழும்பு. நாளைக் காலமை நேர கம்பசுக்குப் போறம், அந்தக் கட்டில் வேண்டாமெண்டு சொல்லுறம், பெட்டியை எடுக்கிறம், மத்தியானத்துக்கு இஞ்ச வந்து சேருறம். அந்தக் காலி ஊர்ப் பெடியனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வா, அவன் நல்லவனாவே இருக்கட்டும். அப்ப வரட்டோ ரீச்சர்?

— ஓம் அண்ணை, பகலோட வாங்கோ. சந்தியில செக் பொயின்ற். ரெண்டு பேரும் ஐடென்ரியைக் கையிலயே வைச்சுக்கொண்டு நடவுங்கோ.

— போட்டு வாறன் அன்ரி. தேத்தண்ணி நல்லா இருந்தது.

— ... ஓம் ராசா. போட்டு வாரும்.

— அம்மா.

— கொஞ்சம் பொறு. லேன் முடக்கால திரும்பட்டும்... சரி, போயிட்டினம். கதவைச் சாத்து நிரஞ்சன். ஜன்னலடியில நில்லாத எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

— உங்களுக்கு என்ன விசரே அம்மா? எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அந்தக் காலையும் பாத்தனான். டோர்ச் அடிச்சு ஒருக்காப் பாத்தால் காணும், ஸ்ட்ரெயிட்டா லொறிதான். அவன் பாவமம்மா.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ முன்னறையைக் குடுத்தனீங்கள்? நேற்று வந்தவன் எவ்வளவு கிளீன். சிங்களம் தண்ணிபட்ட பாடு. கொழும்பு ஐடென்ரி. அவன் இருந்திருந்தால் செக்கிங் வரேக்க எங்களுக்கே ஒரு ஹெல்ப்.

— அவனை அவங்கள் பாத்துப்போட்டு என்ன செய்வாங்கள்?

— ஒண்டும் செய்யமாட்டாங்கள். விட்டுட்டுப் போவாங்கள்.

— விட்டுட்டு?

— விட்டுட்டு... என்னம்மா கேக்கிறியள்?

— போன மாசம் எதிர் வீட்டில என்ன நடந்தது, சொல்லு.

— தமையனைக் கொண்டு போனாங்கள்.

— தம்பியாரை?

— அவனைத் தொடேல்லை. இந்த வீட்டுக்கு ஒருத்தன் போதும் எண்டு சொல்லி லொறியை எடுத்திட்டாங்கள்... அம்மா? ஏனம்மா என்னை இப்பிடிப் பாக்கிறியள்?

— இந்த லேனில இனி எங்கட வீடு மட்டும்தான் ராசா மிச்சம். ஒரு பெடியனைக் கொண்டுபோகாமல் விடமாட்டாங்கள். அது நீயா இருக்கக் கூடாது.