டிராமில் ஒரு காகிதப் பூமாலை

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகர டிராமில் எனக்கு எதிரே பள்ளி மாணவிகள் இருவர் ஈழத்தமிழில் பேசியபடி உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் கழுத்தில் காகிதப் பூமாலை. இருபத்துமூன்று பூக்கள், இரண்டு தடவை எண்ணினேன்.

"கழட்டடி, எல்லாரும் பாக்கினம்."

"மாட்டன். ஹவாயில மாலை போடுறது அன்பைக் காட்டத்தான். அதைச் சொல்லித்தானே பள்ளிக்கூடத்தில பகிடிவதையை நிப்பாட்ட எங்கட குழுவைத் தொடங்கினனாங்கள்."

"அதுக்காக, பகிடி தாங்காமல் அழுத லேனாவை மேடையில ஏத்தி, அமைச்சருக்குப் போடுற மாதிரி மாலை போட்டது ஆர்? முந்தி அஞ்சு பேர்தான் அவளைப் பாத்துச் சிரிச்சவை. அண்டைக்கு முழுப் பள்ளிக்கூடமும் சிரிச்சுது."

"ஓம், நான்தான் போட்டனான். மூண்டு நாளா அவள் வரேல்ல. இப்ப அவளின்ர வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கப்போறன்."

"மாலையோடயோ? உனக்கென்ன விசரே?"

"அவள் பட்ட வெக்கம் எப்பிடியெண்டு எனக்கும் தெரியவேணும்."

அதற்குள் ஒன்பது பேர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்தது. நான்காவது நிறுத்தத்தில் மாலையோடு இறங்கினாள்.

டிராம் கதவு சில வினாடிகள்தான் திறந்திருக்கும். எனக்கு எப்போதும் அந்தக் கவலை. ஐந்து வரை எண்ணியிருப்பேன். மற்றவள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள்.

"நில்லடி! பையில இன்னொரு மாலை இருக்கோ?"