சபையில் படிக்காத கடிதம்

— உன் சபைச் சரித்திரப் புத்தகத்துல அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துடுக்கா. மீதி முந்நூறு பக்கம் இருக்குல்ல?

— அது என்ன கூடையில இருக்கிற ஆப்பிளாடா மனாசே, ஒண்ண மட்டும் பொறுக்கி வெளியில போட?

— பாருக்கா, நான் உன்ன மாதிரி கல்லூரியில சரித்திரம் நடத்துறவன் இல்ல. மாடு வளர்த்தவன். போதகரைத் தேர்ந்தெடுக்க சபையில சீட்டுப் போட்டாங்க; பாட்டுப் புத்தகத்துக்குள்ள வச்ச சீட்டு என் கைக்கு வந்துச்சு, போதகராயிட்டேன்.

— தெரியும்டா. அன்னிக்கு தொழுவத்துல நின்னு நீ அழுததும் தெரியும்.

— ஞாயித்துக்கிழமை திருவிருந்து வைக்கணும். ஒவ்வொருத்தரா உள்ளறைக்கு வந்து, ‘எனக்கு யாரோடயும் மனத்தாங்கல் இல்ல’ன்னு எங்கிட்ட சொன்னாத்தான் ரொட்டியைப் பிட்கலாம். ஒருத்தர் சொல்லல. ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு.

— யாரு?

— யாரோ. உன் புத்தகத்தாலதான்.

— அதுல பொய் இருக்கா? ஆம்சி சித்தப்பா பட்டாளத்துக்குப் போனாரு. போரே கூடாதுங்கிற மென்னோனைட் சபை நம்மளது; நம்ம பையன் துப்பாக்கியத் தொட்டா சபையில இடமில்ல, நீக்குனாங்க. சரி. போர் முடிஞ்சு வந்து, மன்னிச்சுச் சேத்துக்கங்கன்னு எழுதினாரு. கேட்டா எப்பேர்ப்பட்டவனையும் சேத்துக்கிற சபைடா இது! அந்தக் கடிதத்தை சபையில படிக்கவே இல்ல. பழைய பெட்டியில, பிரிச்ச உறையோட கிடந்துச்சு. பதினோரு வருஷம் டொரண்டோவுல பதிலுக்குக் காத்திருந்து, தனியா செத்தாரு.

— சபைச் செயலாளர் மறைச்சுட்டாருன்னு எழுதியிருக்கியே.

— அப்பா பேரை எழுதல.

— அப்பாதான் செயலாளர்னு ஊருக்கே தெரியும்லக்கா!

— அந்த வரியை எழுதிட்டு மூணு நாள் நான் சாப்பிடலடா.

— அப்ப விட்டுடேன்.

— வாரத்துல அஞ்சு நாள் சரித்திரத்துக்கு ஆதாரம் தேடுறேன், ஞாயித்துக்கிழமை உங்களோட உக்காந்து பாடுறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தெரிஞ்சத மறைச்சுட்டு ஜெபம் பண்ண எனக்கு வராது.

— டாக்டர் சொன்னதக் கேட்டல்ல? இன்னொரு திருவிருந்து அப்பாவுக்கு வாய்க்காதுக்கா. திருவிருந்துல ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுவோமே, கடைசியா ஒரு தடவ அவரு காலை என் கையால கழுவணும். அந்த ரொட்டி வாயில படாம அவரு போயிட்டா, நான் எப்படிக்கா தாங்குவேன்?

— அழாதடா. டேய்... நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியுமா?

— அவரை விடு.

— இந்தா. இதான் அந்த அத்தியாயம், இருபத்தி ரெண்டு பக்கம். அடுப்புல போடு. அச்சகத்துக்கு நான் சொல்லிக்கிறேன். சித்தப்பா என்னை மன்னிக்கட்டும். எனக்கும் யாரோடயும் மனத்தாங்கல் இல்ல. போதுமா? போய் அந்த ஒருத்தர்கிட்ட சொல்லு.

— வேணாம்க்கா.

— வாங்குடா. ஏன் கைய இழுத்துக்கிற?

— அவருகிட்ட இதச் சொல்ல முடியாதுக்கா.

— யாருடா அது?

— அப்பா. ‘என் மக எழுதினத சபை முன்னாடி நீ வாசி, அப்புறம் ரொட்டி குடு’ன்னாரு. ரெண்டு தடவையும் நான்தான் மாட்டேன்னுட்டேன்.