சுத்தமான ஆள்

நேற்று நீங்கள் கொண்டுவந்த பன் மிருதுவாக இருந்தது, சாமி. பல்லில்லாதவனுக்கு அதுவே திருநாள். மூன்று வாரமாக, பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடச் சொல்கிறீர்கள். செய்யமாட்டேன். காரணத்தை மட்டும் சொல்கிறேன். இது சும்மா பேச்சுத்தான், வேறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்பத்தேழில் ராயபுரம் கடலோரத்து மரக்கிடங்கு ஒன்றில் நான் மேஸ்திரி. நான் விசில் ஊதினால் எண்ணூரில் கொக்கு பறக்கும். யுத்தத்தில் அடிபட்டு மிச்சமான ஒரு கிரேனை அந்த வருடம் வாங்கிவந்தார்கள். பர்மாத் தேக்கை அது தூக்குகிற தூக்கில், மெட்ராஸையே எடுத்துப் பழவேற்காட்டில் வைத்துவிடும் போலிருக்கும். கூலியாட்களுக்குத் தலைவன் மண்ணாங்கட்டி என்பவன். கிரேனுக்கு ஒரு கறுப்பு ஆடு வெட்ட வேண்டுமென்றான். கூடாது என்றேன். சேசுநாதர் சுவாமி எல்லோருக்குமாக ஒரே தடவை பலியாகிவிட்டார், இனி ஆடு எதற்கு என்று பெட்டிமேல் ஏறி நின்று அரைமணி பிரசங்கம் செய்தேன். உங்கள் பிரசங்கத்துக்குக்கூட அத்தனை பேர் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் மரம் நழுவி ஒருவனுக்கு விரல் போயிற்று, இன்னொருவனுக்குக் கால். மண்ணாங்கட்டி பீடியைப் போட்டு மிதித்தான்.

"ஆட்ட குடுக்கலன்னா அது ஆள கேக்கும், மேஸ்திரி. நாளிக்கு எவனும் வர மாட்டான்."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வரை பொறுக்கச் சொன்னேன். நாற்பது குடும்பத்து அடுப்பு அணைந்துவிடும். ஆட்டுக்குச் சம்மதித்தால் என் பிரசங்கம் என்னாவது? ஒருவன் போய் மற்றவர்கள் பிழைப்பது நல்லது என்று வேதத்திலேயே இருக்கிறது. சொன்னவர் யாரென்று ஞாபகமில்லை.

யாரை என்பதில்தான் கவனமாக இருந்தேன். கூலியாட்களில் வேலப்பன் குடிகாரன். சாவான பாவத்தோடு போனால் நேரே நரகம். அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பலிக்குப் பழுதில்லாத ஆட்டுக்குட்டியைத்தானே வேதத்தில் கேட்டார்கள்.

பெரிய வியாழன் காலை, கூலியாட்களில் ஒருவனான ஜேக்கப் கோவிலிலிருந்து நேரே வேலைக்கு வந்தான். பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கியிருந்தான்.

"எல்லாத்தயும் எறக்கி வச்சுட்டேன், நைனா. ஒடம்பு பஞ்சாட்டம் கீது," என்று சிரித்தான்.

கிரேன் டிரைவரை டீ குடிக்க அனுப்பினேன். நானே மரத்தை மேலே நிறுத்திவிட்டு, கீழே கிடந்த சங்கிலியை எடுக்கும்படி ஜேக்கப்பிடம் சொன்னேன். அவன் குனிந்ததும் பிரேக்கை விட்டேன். அவன் சத்தம்கூடப் போடவில்லை.

அடக்கத்தில் அவன் மனைவி ஆலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்மை வாங்கிவிட்டுத்தானே போனார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை நாற்பது பேரும் வேலைக்கு வந்தார்கள். பதினோரு வருடம் ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய், கிரேனில் தேய்ந்துபோன பிரேக் கட்டையை மாற்றினேன் என்பது வாஸ்தவம். புதுக் கட்டை முதல் நாளிலிருந்தே என் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டையை மாற்றினால் நாற்பது பேர் பயம் போய்விடுமா, சொல்லுங்கள்.

களைப்பாக இருக்கிறது, சாமி. மன்னிப்பு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கையை என் தலைப்பக்கம் கொண்டுவர வேண்டாம். சர்வேசுரன் சுத்தமான ஆளைத்தான் எடுத்துக்கொள்வார். ஜேக்கப்பை அவர்தானே எடுத்துக்கொண்டார்.