ஒன்பதாவது கட்டுரை

கிறிஸ்டென்: மொத்தம் பத்தொம்பது கட்டுரை. அதுல ஒம்பதாவதை மட்டும் எடுத்துட்டா உன் புத்தகம் குறைஞ்சா போயிடும், லேனி?

லேனி: குறையும். நீ பசுவைப் பாத்துக் கற, அண்ணே. வாளி சாயுது.

கிறிஸ்டென்: நாப்பது வருஷமா கறக்குறேன். பெர்ன் பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்து எனக்குப் பால் கறக்கச் சொல்லித் தர்றியா?

லேனி: நீ மட்டும் எனக்குச் சரித்திரம் சொல்லித் தரலாமா?

கிறிஸ்டென்: கேள்விதானே கேக்குறேன். வருஷா வருஷம் நம்ம சபையில பிள்ளைங்க எழுந்து நின்னு சொல்லுதுங்க... "விசுவாசத்தை விடாத யோஸ்ட், ஆரே ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்." நம்ம குடும்பத்துல வளர்ந்தப்புறம் ஞானஸ்நானம் எடுத்த முதல் ஆள். பிரசங்கியா நின்னு அதைக் கேக்கும்போது எனக்கே...

லேனி: நெஞ்சு நிமிருது. பெருமை பாவம்னு போன மாசம் பிரசங்கம் பண்ணினது யாரு?

கிறிஸ்டென்: பேச்சை மாத்தாத. யோஸ்ட் மூழ்கவே இல்லங்கிற.

லேனி: நான் சொல்லல. விசாரணையில உக்காந்திருந்த குமாஸ்தா எழுதி வச்சிருக்கான். குழந்தையில எடுத்தது செல்லாதுன்னு வளர்ந்தப்புறம் மறுபடி ஞானஸ்நானம் எடுத்த குத்தத்துக்குப் பிடிச்சுச் சிறைக் கோபுரத்துல போட்டாங்க. மூணாம் நாள், இனி அந்தக் கூட்டத்துப் பக்கமே போகமாட்டேன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு, யோஸ்ட் வீட்டுக்கு வந்துட்டார்.

கிறிஸ்டென்: சத்தியம் பண்ணினாரா? கோர்ட்லகூட சத்தியம் பண்ணாத ஜனம் நாம.

லேனி: தெரியும். அதனாலதான் எழுத எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.

கிறிஸ்டென்: எதிராளியோட குமாஸ்தாதானே. பொய் எழுதியிருந்தா?

லேனி: பொய் எழுதுறவன், மசியாதவங்க பேரையும் அதே பக்கத்துல எழுதுவானா? பெர்ன் நகரத்தை ஆண்ட துரைமாருக்கு அது எவ்வளவு அவமானம். நாலு பேர் கடைசிவரைக்கும் சத்தியம் பண்ணல. அதுல ஒருத்தி ஆன்னா. யோஸ்ட்டோட பொண்டாட்டி.

கிறிஸ்டென்: அப்போ ஆத்துல மூழ்கினது யாரு?

லேனி: ஆத்துல மூழ்கடிச்சது அவளை. அவ சாவைத் தூக்கி அவருக்குக் குடுத்துட்டு, நானூறு வருஷமா அவ பேரைக்கூடச் சொல்லாம இருந்திருக்கோம்.

கிறிஸ்டென்: அப்போ யோஸ்ட் கோழையா? பிள்ளைங்க கேட்டா என்னத்தைச் சொல்றது?

லேனி: வீட்டுல ஏழு வாரக் குழந்தை கிடந்துதுன்னு சொல்லு. அந்தக் குழந்தை வழியா வந்தவங்கதான் நீயும் நானும். அவர் பயந்தாரா, பிள்ளைக்காகப் பண்ணினாரான்னு எந்தப் பக்கத்துலயும் இல்ல. இல்லாததை நான் எழுதல.

கிறிஸ்டென்: பெரியவங்க மனசு உடைஞ்சு போகாதா?

லேனி: எனக்கும்தான் உடைஞ்சது. ஆவணக் காப்பகத்தை விட்டு வெளிய வந்து, டிராம் நிக்கிற இடத்துல எல்லாரும் பாக்க அழுதேன். அப்புறம் யோசிச்சேன்... இப்படி ஒரு பொம்பளை நம்ம வீட்டுல இருந்திருக்கா, அண்ணே. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டு, அத்தனை துரைமார் முன்னாடி முடியாதுன்னு சொல்லியிருக்கா. நீ என்ன கேட்டாலும் அவ பேரை எடுக்கமாட்டேன்.

கிறிஸ்டென்: நான் உன்னோட பேசுறதையே விட்டுட்டா?

லேனி: ...அப்பவும்.

கிறிஸ்டென்: சரி. அந்தத் துணியை எடு. மடியைத் துடைக்கணும்.

லேனி: அண்ணே... உங்கிட்டச் சொல்லத் தைரியமில்லாம சுத்தி வளைச்சுட்டேன். இனி எடுக்கவும் முடியாது. புத்தகம் அச்சாகி வந்துடுச்சு. உனக்கு ஒண்ணு கார்ல வச்சிருக்கேன்.

கிறிஸ்டென்: எனக்கெதுக்கு இன்னொண்ணு?

லேனி: இன்னொண்ணா?

கிறிஸ்டென்: உன் பதிப்பாளர் போன வாரமே சபைக்கு அனுப்பிட்டார். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலா ஒம்பதாவது கட்டுரையைத்தான் வாசிச்சேன். இவ்வளவு நேரம் நான் கேட்டதுல முக்காவாசி சபையார் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியல, அடுத்த வாரம் சொல்றேன்னு இறங்கிட்டேன். ஆனா, எழுதினது என் தங்கச்சின்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லப் போனப்போதான் உன் அண்ணி என் கோட்டு நுனியைப் பிடிச்சு இழுத்துட்டா.