தொட்டிக்கட்டு வீட்டு விருந்தினர்கள்

கோயமுத்தூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கைடிடம் முதலில் கேட்பது கோட்டை எங்கே இருந்தது என்றல்ல, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்றுதான். நீங்கள் என்னிடம் விசாரிக்கும் விஷயத்துக்கும் ஆரம்பம் அந்தக் கேள்விதான், மேடம். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. வீடியோவில் மெஷினை அணைக்கும் கை என்னுடையதுதான். டூர் நாட்களில் நான் முழுக்கைச் சட்டைதான் போடுவேன், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு ஒப்பணக்கார வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் மைக் பிடித்து நின்றவன் நான். ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்றை அறிவித்துக்கொண்டே இருப்பேன். நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பஸ் ஹாரனுக்கும் பழவண்டி ஸ்பீக்கருக்கும் நடுவே அந்தக் குரலை யார் கேட்டார்கள்? சத்தத்தோடு போட்டி போட்டே என் இளமை போய்விட்டது. நாலு பேர் என் முன்னால் நின்று நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகவே கைடு ஆனேன்.

என் டூர் கூட்டத்தோடு போகிற டூர் அல்ல. ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம், அல்லது ஒரு ஆபீஸ் ஆட்கள். பெரும்பாலும் பீளமேட்டு ஐடி கம்பெனிகளுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள். வெயில் ஏறுவதற்கு முன் உக்கடம் குளக்கரையில் ஆரம்பித்து, கோட்டைமேடு, பெரியகடை வீதி, கோனியம்மன் கோயில், ராஜ வீதி என்று நடந்து மணிக்கூண்டில் முடிப்பேன். நல்ல பாதை. ஒரே குறை, நடுவில் ஒதுங்க இடம் கிடையாது.

ஒரு நாள் விருந்தினர் ஒருவருக்கு அவசரம். வயதான பெண்மணி, முகம் வெளிறிவிட்டது. ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கதவு திறந்திருந்த வீட்டில் போய்க் கேட்டேன். வெங்கடம்மாள் என்ற அந்த அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"அட, வாங்க கண்ணு, உள்ள வாங்க. இதுக்கெல்லாம் கேக்கோணுமுங்களா?"

உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், அது அசல் தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வழுவழுவென்று மரத்தூண்கள், தரையில் பழைய சிவப்பு ஆக்சைடு. என் விருந்தினர்கள் வாய் பிளந்து நின்றார்கள். நான் தூணில் கை வைத்து நாலு வார்த்தை பேசினேன். முற்றத்தில் குரல் அழகாகச் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தேன் அதற்கு. சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். கிளம்பும்போது, "இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க" என்றார்.

அவர் கூப்பிட்டார். நான் போனேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து அந்த வீடு என் டூரில் ஒரு இடம் ஆகிவிட்டது. கட்டாயப்படுத்தினேனா என்று கேட்டீர்கள். ஒரு முறைகூட இல்லை. ஒரு முறைகூட அவர் முகம் சுளித்ததும் இல்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே காபி டம்ளர் சத்தம் கேட்கும்.

சில நாட்களில், "அவருக்கு நேத்துலிருந்து கொஞ்சம் முடியறதில்லீங்க தம்பி, நாளைக்கு வந்துக்கலாமுங்களா?" என்பார். நான் மறுநாளும் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போவேன். அவரும் பின்னாலேயே வந்து பாய் விரிப்பார்.

'அவர்' என்றது அவருடைய கணவர் சுப்பண்ணன். பஞ்சு வியாபாரம் செய்தவர், ஜின்னிங் ஷெட்டிலேயே காலம் போய் நெஞ்சு முழுக்கத் தூசி. உள்ளறையில் கட்டிலோடு கிடந்தார். முதலில் அந்தக் கதவு சாத்தியே இருக்கும். தொட்டிக்கட்டு வீட்டின் உள்ளறை எப்படி இருக்கும் என்று விருந்தினர்கள் ஆசைப்பட்டதால் நான்தான் திறந்து காட்ட ஆரம்பித்தேன். அவர் மிகவும் பண்பானவர். படுத்தபடி வரவேற்பது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காரப் பார்ப்பார். மூக்கில் குழாயோடு ஆளுக்கு ஒரு கும்பிடு போடுவார். பிறகு நெடுநேரம் இரைக்கும். விருந்தினர்கள் நெகிழ்ந்துபோவார்கள். அந்தக் கும்பிடைப் பற்றித்தான் நிறையப் பேர் இணையத்தில் எழுதியிருக்கிறார்கள், நீங்களே படித்துப் பார்க்கலாம்.

இனி மெஷின் விஷயம். ஆக்சிஜன் மெஷின். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுப்பது. அவருடைய மகள் ஹாரிகா பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியது. அதன் இரைச்சலில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று மெஷினை முற்றத்து ஓரத்தில் வைத்து, நீளமான குழாயைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் அது நியாயம்தான். ஆனால் முற்றத்தில் பேசுகிறவன் ஒருவன் இருக்கிறானே. கிரைண்டர் ஓடுவதைப்போல ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். என் ஒவ்வொரு வாக்கியமும் அதில் அரைபட்டுப் போனது. துணிக்கடை வாசலில் நின்ற அதே எரிச்சல் எனக்குத் திரும்பி வந்தது.

ஒரு நாள் அந்த அம்மாவிடம் கேட்டேன், நான் பேசி முடிக்கும்வரை இதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா என்று. முறையாக அனுமதி கேட்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். விருந்தினர்களைப் பார்த்தார். "டாக்டர் நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க…" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். விருந்தினர்களும் நின்றார்கள். "கொஞ்ச நேரந்தானுங்களே. பரவாயில்லீங்க" என்றார்.

பரவாயில்லை என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து உள்ளே நுழைந்ததும் நான் அணைப்பேன், கிளம்பும்போது நானே போட்டுவிட்டுப் போவேன். எங்களுக்குள் அது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் பேசும்போது அந்த அம்மா உள்ளறை வாசலிலேயே நிற்பார், என் பேச்சைக் கேட்க அவ்வளவு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாரிகா பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு தகராறு நடந்தது உண்மைதான். விருந்தினர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே, "ஏனுங்க, இது ஊடுங்களா, பஸ் ஸ்டாண்டுங்களா? எங்கப்பாவை எதுக்குங்க வேடிக்கை காட்டறீங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

எனக்கு முன்னால் வெங்கடம்மாளே குறுக்கே வந்துவிட்டார். "வந்தவங்க முன்னால என்ன பேச்சு அம்மணி இது? நீ உள்ள போ." பிறகு என்னிடம் திரும்பி, "சின்னப் புள்ளைங்க, மனசுல வெச்சுக்காதீங்க தம்பி" என்றார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளே போனேன்.

சம்பவம் நடந்த அன்று வந்தவர்கள் ஹைதராபாத் ஆட்கள். அவர்களில் தேஜா என்ற இளைஞன் டூர் முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். என்னை யாரும் அதுவரை முழுதாக வீடியோ எடுத்ததில்லை. சொன்ன ஆட்களைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். நாங்கள் நுழைந்தபோது அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது. "அவருக்கு இன்னிக்கு ரொம்ப இரைக்குதுங்க" என்றார். பிறகு தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பால் பத்தாதுங்க. முக்குக் கடைக்குப் போயி வாங்கியாந்துபோடறேன். அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி" என்றார்.

சரிங்கம்மா என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

தேஜா கேமராவைப் பார்த்துவிட்டு, "ஏதோ இரையுது அண்ணா, உங்க வாய்ஸ் சரியா வரல" என்றான். நான் மெஷினை அணைத்தேன். வீடியோவில் நீங்கள் பார்த்தது அந்த இடத்தைத்தான். வீடு அப்படியே அமைதியானது. முற்றத்தில் ஒரு புறா இறங்கிய சத்தம்கூடக் கேட்டது. நான் பேச ஆரம்பித்தேன்.

அன்றைக்கு நான் பேசியதைப்போல அதற்கு முன்பு பேசியதில்லை. விருந்தினர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். வழக்கமாக அவ்வளவு நேரம் ஆகாது. நடுவில் உள்ளறையில் தட்டும் சத்தம் கேட்டது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும், அதை வைத்துத் தட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எதற்குத் தட்டுகிறார் என்றும் புரிந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், புரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு பெண்மணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். அன்று மட்டும் உள்ளறைக் கதவை நான் திறந்து காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவதும் நின்றுவிட்டது.

அந்த அம்மா பாலோடு ஓடி வந்து நேரே சமையலறைக்குப் போய்விட்டார். காபி வந்தது. பாராட்டிப் பாராட்டிக் குடித்தார்கள். கிளம்பும்போது நான் மெஷின் பக்கமாகத்தான் நடந்தேன். தேஜா இன்னும் வீடியோவை நிறுத்தவில்லை, முற்றத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அந்த இரைச்சலைப் போட எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்று, "போய்ட்டு வாரோமுங்க" என்றேன். அந்த அம்மா கையில் காலி டம்ளர்களோடு, "போய்ட்டு வாங்க" என்றார். நான் மெஷினைப் போட்டிருப்பேன் என்ற நம்பிக்கையில் அவர் பாத்திரம் கழுவப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். மறக்கவில்லை, மேடம். மணிக்கூண்டுக்கு வந்து அதன் கதையை ஆரம்பிக்கும்போது மெஷின் என் நினைவில் இருந்தது. திரும்பிப் போய் வரக்கூடிய தூரம்தான். அந்த அம்மாவின் எண் என் ஃபோனில் இருந்தது, ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் விருந்தினர்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஃபோன் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. டூர் முடிந்து அவர்களை வேனில் ஏற்றிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏற்றிவிட்ட பிறகு, இந்நேரம் அவரே பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு டிபன் சாப்பிடப் போனேன். பூரி சாப்பிட்டேன்.

ஆமாம். சுப்பண்ணன் மூச்சுக்குத் தவிப்பது தெரிந்தே மெஷினை அணைத்து வைத்திருந்தேன். அவர் செத்துப்போகலாம் என்பதும் தெரியும். அந்த வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. கொலை என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு என் மேல் கோபம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஹாரிகா புகார் கொடுத்திருக்கலாம். சின்னப் பெண், படபடப்பு. அந்த அம்மா அப்படிப்பட்டவர் அல்ல.

அதை நான் நேரிலேயே பார்த்தேன். துக்கம் விசாரிக்க நான் போகாமல் இருப்பேனா? எனக்கும் வருத்தம் இருந்தது. காரியத்துக்கு முன்பு ஒரு நாள் போனேன். அன்று ஏற்கெனவே ஒத்துக்கொண்ட டூர் ஒன்று இருந்ததால் விருந்தினர்களையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சத்தம் போடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று சந்து முனையிலேயே சொல்லிவிட்டேன். சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

முற்றத்து ஓரத்தில் மெஷின் இல்லை. கட்டிலை எடுத்துவிட்டு உள்ளறையைக் கழுவி விட்டிருந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. உறவுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் நடுவே வெங்கடம்மாள். ஹாரிகா எழுந்திருக்கப் பார்த்தது. அந்த அம்மா அதன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். அதற்கும் பேசவில்லை.

விருந்தினர்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று ஒருவர் என் காதில் கேட்டார். நான் மெல்லிய குரலில் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள், அது வழக்கம். அந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கும் அந்த அம்மா என்னை வாங்க என்றுதான் சொல்லியிருப்பார்.