கிளிக்குன்னு மட்டும் கேட்டுச்சு

— அசையாதீங்க டாக்டரே! அப்படியே உக்காந்திருங்க!

— ஏன் மேடம், குண்டு போயிடுச்சா?

— போகலை. கிளிக்குன்னு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. விரலை விசையிலேர்ந்து எடுங்க. குழல் மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். தலையைத் திருப்பக் கூடாது.

— அதாவது... வெடிக்கலைன்னா நல்லதுதானே?

— வலிக்கலைன்னா நல்லதுன்னு சந்தோஷப்பட இது உங்க பல் கிளினிக்கு இல்ல, துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சு. துப்பாக்கியும் பழசு, தோட்டாவும் பழசு. சில சமயம் வெடிமருந்து உள்ளுக்குள்ளயே சோம்பேறித்தனமாக் கனன்னுக்கிட்டு இருந்துட்டு, நாம திறந்து பார்க்கற நேரத்துல டமார்னு கிளம்பும். நான் சொல்ற வரைக்கும் நீங்க சிலை. புரிஞ்சுதா?

— புரிஞ்சுது. மூக்கு அரிக்குது.

— அரிக்கட்டும்.

— கண்ணாடி வேற மூடுபனியா ஆயிடுச்சு மேடம். எதிர்ல இருக்கறது இலக்கா, உங்க தம்பியான்னே தெரியலை.

— என் தம்பி பின்னாடி மேசையில துப்பாக்கி துடைச்சுக்கிட்டு இருக்கான். டேய், கோட்டைத் தாண்டாதே!

— கோட்டை எங்கயும் தொலைக்கலைக்கா! ஆணியில மாட்டியிருக்கேன்!

— அந்தக் காதுமூடியை முதல்ல கழட்டுடா!

— கழட்டிட்டேன், சொல்லு. ஐயையோ, டாக்டர் சாருக்கு என்ன ஆச்சு? ஏன் இப்படி விறைச்சுப் போய் உக்காந்திருக்காரு?

— தோட்டா வெடிக்கலை. காத்துக்கிட்டு இருக்கோம்.

— மறுபடியும் இந்தக் கிழட்டுத் துப்பாக்கியா? ஒரு வாரம் குறி பார்க்கற முள்ளு ஆடுது, மறு வாரம் கட்டை விரியுது. போன வாரம் காலித் தோட்டா குழலுக்குள்ள சிக்கிக்கிச்சு. சார் பையிலேர்ந்து பல்லு புடுங்கற இடுக்கியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் பெருசா வாயைத் திறங்க"ன்னு துப்பாக்கிக்கிட்டயே சொன்னாரு!

— பழக்க தோஷம் தம்பி.

— மரத்துப் போற ஊசி போடட்டுமான்னு வேற கேட்டீங்க சார்! சிரிச்ச சிரிப்புல நான் எண்ணெய் டப்பாவையே கவுத்துட்டேன். சரி, டீ கொண்டாந்திருக்கேன். சுடுது சார், சுடுது!

— சுடவா? மேடம், சுடச் சொல்றாரு!

— வேண்டாம்! விரலை எடுங்க! டேய், அந்த வார்த்தையை இங்க சொல்லாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? கொதிக்குதுன்னு சொல்லு, ஆவி பறக்குதுன்னு சொல்லு, சுடுதுன்னு மட்டும் சொல்லாதே!

— ஆமா, ஆமா. அன்னிக்குக் குழல் கழுவ வெந்நீர் தூக்கிக்கிட்டு வந்தேன். "சுடும், சுடும், தள்ளுங்க"ன்னேன். வரிசையில இருந்த அத்தனை பேரும் படபடன்னு சுட்டுத் தள்ளிட்டாங்க. நான் வாளியோட குப்புற விழுந்தேன்.

— பெருமை வேற! போய் மேசைகிட்ட நில்லு. டாக்டரே, கண்ணாடியை நான் துடைச்சு விடறேன். ஆடாதீங்க.

— அப்படியே அந்த மூக்கையும்...

— எங்க, நுனியிலயா?

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங்! அப்பாடா. உயிர் வந்துச்சு. ஆனா கை நடுங்குதே.

— நடுங்கக் கூடாது. மூச்சை மெதுவா விடுங்க.

— என் கை இல்ல மேடம். உங்க கை.

— அது... காத்து. காத்து அடிக்குதுல்ல.

— இலக்குத் தாளே ஆடலையே.

— தாளைப் பத்தி நீங்க பேசாதீங்க! இத்தனை நாள்ல உங்க தாள்ல ஒரு ஓட்டை விழுந்திருக்கா? எல்லாம் பக்கத்து ஆளோட தாள்ல. உங்க புண்ணியத்துல அவரு பரிசே வாங்கிட்டுப் போனாரு!

— வந்து... குறி வெக்கற நேரத்துல என் கவனம் வேற பக்கம் போயிடுது.

— எந்தப் பக்கம்?

— உங்க... விசில் பக்கம். நல்ல விசில் மேடம். எங்க வாங்கினீங்க?

— இதான்! இதேதான்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஏதோ சொல்ல வாயெடுக்கறீங்க. அப்புறம் விசில், மழை, பல்லு தேய்க்கற முறைன்னு எங்கயோ போய் முட்டிக்கிட்டு, பேஷண்ட் காத்திருக்காங்கன்னு ஓடிடறீங்க. ஞாயித்துக்கிழமை எந்தப் பேஷண்ட்டு?

— சில கேஸ் அவசரமா...

— இன்னிக்கு ஓட முடியாது, அதனால நான் சொல்றதைக் கேளுங்க. எனக்கு இங்க இன்னிக்குத்தான் கடைசி நாள். வேற ஊர் ரேஞ்சுக்கு மாத்திட்டாங்க. இனிமே பெரிய மீசை வெச்ச ஒருத்தர் வந்து உங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரு.

— என்னது!

— தலையைத் திருப்பாதீங்க!

— எப்படிங்க திருப்பாம இருக்கறது? தலையில குண்டைத் தூக்கிப் போட்டுட்டு திருப்பாதேன்னா! மீசைக்காரர்கிட்ட நான் எதுக்கு வரணும்? எனக்குத் துப்பாக்கியே பிடிக்காது மேடம். சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுது. தோள்பட்டை பூரா கன்னிப் போய்க் கிடக்கு. திங்கக்கிழமை ஆனா டிரில் மிஷினைக்கூட ரெண்டு கையாலதான் பிடிக்கறேன். பேஷண்ட்டெல்லாம் பயந்து சாகறாங்க!

— அப்புறம் எதுக்கு விடாம வந்தீங்க?

— அக்கா, ஒரு சந்தேகம். வெடிக்கலைன்னா ஒரு நிமிஷம் பொறுத்தாப் போதும்னுதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே? இங்க டீயே ஆறிப்போயிடுச்சு. நீ சொல்லக் கூடாதுன்னியே அந்த வார்த்தை, டீயை மறுபடியும் அப்படிப் பண்ணிக் கொண்டாந்துட்டேன்.

— இது பழசுடா. பழசுக்கு நேரமாகும். நீ வாயை மூடு. நீங்க சொல்லுங்க டாக்டரே. எதுக்கு வந்தீங்க?

— வந்து... அதாவது... நாப்பதைத் தாண்டியாச்சு. ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் நாள் பூரா வாயைத் திறக்கச் சொல்றேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனா நான் வாயைத் திறந்து பேச ஒரு ஆள் இல்ல. நீங்க "புரிஞ்சுதா"ன்னு அதட்டறீங்களே, அதைக் கேக்கத்தான் வாரம் பூரா காத்துக்கிடப்பேன். நீங்க போயிட்டா எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. திரும்ப முடியாம உங்க முகம் தெரியாதது நல்லதாப் போச்சு, தெரிஞ்சா நாக்கு ஒட்டிக்கும். கேட்டுடறேன். கட்டிக்கிறீங்களா?

— நான் கட்டறேன் சார்! துப்பாக்கியோட தோள் வார்தானே? தையல் விட்டுப்போச்சுன்னு அப்பவே சொன்னேன். இருங்க, கயிறு எடுத்தாறேன்!

— டேய், வார் இல்லடா!

— பின்ன, மணல் மூட்டையா?

— என்னைடா! என்னைக் கட்டிக்கக் கேக்கறாரு!

— உன்னையா! ஐயையோ! டாக்டர் சார்... இல்ல, மாமா! அட, என் மாமாவே!

— பதில் இன்னும் வரலையே தம்பி. மேடம்? சரியோ இல்லையோ, சீக்கிரம் சொல்லிடுங்க.

— கட்டிக்கிறேன். எந்த ஊருக்கு மாத்தினா என்ன, அங்கயும் சொத்தைப் பல்லு இருக்கும்ல? கிளினிக்கை அங்க வெச்சுக்குங்க. புரிஞ்சுதா?

— புரிஞ்சுது! நல்லாவே புரிஞ்சுது! மேடம், எனக்கு எழுந்து குதிக்கணும் போல இருக்கு!

— குதிக்கறதுக்கு முன்னாடி, தோட்டா போடற இடத்தை மூடியிருக்கற போல்ட்டைத் திறங்க. மெதுவா. குழல் மண்மேட்டுப் பக்கமே இருக்கட்டும்.

— திறந்துட்டேன். மேடம்... உள்ள ஒண்ணுமே இல்லையே!

— தள்ளுங்க மாமா, பார்ப்போம். அடப்பாவமே, காலி! தோட்டாவே போடாத துப்பாக்கிக்கா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்? என் டீ ரெண்டு தடவை வீணாப் போச்சே!

— கையில எடுத்தேனே... மேடம் இந்தப் பக்கம் வந்தாங்க... அப்புறம்... ஐயோ, சட்டைப் பையில இருக்கு! மன்னிச்சிடுங்க மேடம், உங்களை அநியாயத்துக்குப் பயமுறுத்திட்டேன்!

— பயமா? நீங்க அதைப் பையில போட்டப்பவே நான் பார்த்துட்டேன். வேற எப்படித்தான் உங்களை ஓட விடாம உக்கார வெக்கறது, நீங்களே சொல்லுங்க?