அச்சுப்பிழை அல்ல

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். காகிதம் எதையாவது மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். இருக்கட்டும், நான் அதிக நேரம் உட்காரப் போவதில்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் 'அச்சுப்பிழை' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் கிளம்பி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். அது பிழையல்ல. யோசித்து, அடித்து, திருத்தி நான் எழுதியது. பிழைக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அறிக்கை எழுதினால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

நான் பதிப்பாசிரியராக இருக்கும் பதிப்பகத்துக்கு மெய்ப்பு பார்க்க ஒரு பெண் வந்தாள். படிப்பவர்கள் ஒரு வாதத்தை எங்கே சந்தேகிக்கிறார்கள், எங்கே அப்படியே விழுங்கிவிடுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவள். அலுவலகத்தில் அவளை 'ஆராய்ச்சி' என்றே கூப்பிட்டோம். வந்த புதிதில் எல்லோருக்கும் சில பத்திகளைக் கொடுத்து, வாதத்தில் ஓட்டை எங்கே என்று கேட்டாள். முடிவை மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"அதிகமா கோட்டை விட்டது நீங்கதான் சார். தப்பா நினைக்காதீங்க. அனுபவம் கூடக்கூட சந்தேகப்படுறது குறைஞ்சிடும். வாக்கியம் அழகா இருந்தா நீங்க கண்ணை மூடிட்டு நம்பிடுறீங்க."

அச்சகத்துக்காரர் குடித்த தண்ணீர் புரையேறச் சிரித்தார். என்னிடம் வேலை கற்றவர்கள் தட்டைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இவள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன். அவளை எனக்கு அறவே பிடிக்கவில்லை, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெய்ப்பு பார்ப்பவர் உண்மையிலேயே படிக்கிறாரா, பக்கத்தைப் புரட்டுகிறாரா என்று பார்க்க, பதிப்பாசிரியர் ஏதாவது ஒரு பக்கத்தில் தவறான வாதம் ஒன்றைச் சொருகிவைப்பார். அதற்குப் பெயர் பொறி. கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு டீ. கண்டுபிடிக்காவிட்டால், அச்சுக்குப் போகும் முன் வைத்தவரே அதை எடுத்துவிட வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன்பு ஒரு வீட்டுக் குறிப்புப் புத்தகம் வர வேண்டியிருந்தது. அறைக்குள் கரி அடுப்பு மூட்டினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டு நான் இப்படி எழுதினேன்: 'ஆபத்து புகையில்தான் இருக்கிறது. கரி தணலாகிவிட்டால் புகை இல்லை. ஆகவே தணலானதும் ஜன்னலை மூடிக்கொள்ளலாம், சூடும் வீணாகாது.' எங்கேயாவது இடறுகிறதா, சொல்லுங்கள். தணலிலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு வரும், தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆசிரியர் அடுத்த பத்தியில் அதைத்தான் எழுதியிருந்தார். அந்தப் பத்தியையும் எடுத்தேன்.

ஆராய்ச்சி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் படித்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"இந்தத் தடவை பொறி எங்க சார்? எனக்குச் சிக்கவே இல்ல."

"இந்தத் தடவை வைக்கலம்மா."

"நிஜமாவா? அப்போ கையெழுத்துப் போட்டுடறேன்."

போட்டாள். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

புத்தகம் கடைக்குப் போனதும் விவரம் தெரிந்த எவராவது காறித் துப்பி எழுதுவார், இவள் எல்லோர் முன்னாலும் கூனிக்குறுகி நிற்பாள். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஒருவரும் எழுதவில்லை. முதல் குளிரில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காலையில் எழுந்திருக்கவில்லை. எங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் வெட்டுத்துணியைத் திணித்து வைத்திருந்தார்களாம். தொழில் சுத்தம்.

ஆராய்ச்சி வேலையை விட்டாள். "படிச்சேன், நம்பினேன், என் தப்புதான்" என்று பேட்டியில் அழுதாள். எல்லோரும் அவளுக்காக உச்சுக்கொட்டினார்கள். குழுவும் மனமிரங்கி, யாரையும் குறை சொல்லாமல், அச்சுப்பிழை என்று எழுதி முடித்துவிட்டது. அவள் தோற்றாள் என்பதே எவருக்கும் தெரியாமல் போயிற்று. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் யாரையும் கொல்லவில்லை, சார். புகை இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று யார் சொன்னது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். யோசித்துப் படிக்கிற எவரும் கேட்டிருப்பார். தையல்காரர் கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் வீட்டில் அந்தப் புத்தகத்தை யாராவது படித்தார்களா என்று கேட்கிறீர்கள். என் மகளிடம் ஒரு பிரதி இருக்கிறது. கணவனும் கைக்குழந்தையுமாக ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறாள், படு கெட்டிக்காரி. தையல்காரர் வீட்டுச் செய்தி வருவதற்கு முன்பே, குளிர் தொடங்கிய அன்றே, அவளுக்குப் போன் செய்தேன். கரி மூட்டினால் ஜன்னலை மூடாதே என்றேன்.

"தணலாயிட்டா மூடிக்கலாம்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கே, அப்பா. சரியாத்தானே இருக்கு?"

"சொன்னதைச் செய்" என்று வைத்துவிட்டேன்.

மற்றவர்களுடைய நம்பர் என்னிடம் இல்லை, சார்.